மோதியின் அட்டை

பிப்ரவரி 3

இன்றும் கடையடைப்பு. தேவல்பூர் கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. பால் கிடைக்காமல் கடுங்காப்பியோடு காலை போயிற்று. சுவரெல்லாம் போஸ்டர். சிங்கத்தின் கண்ணில் கண்ணீர்த்துளி வரைந்து, ‘எங்கள் பிள்ளைகளை நாடு கடத்தாதே’ என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பது ஆப்பிரிக்கச் சிங்கம். பிடரி காதை மூடியிருக்கிறது. இந்த ஊர்ச் சிங்கத்துக்குக் காது வெளியே தெரியும். சொன்னால் அடிக்க வருவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்து சிங்கங்களை இங்கிருந்து மத்தியப் பிரதேசத்துக் காடு ஒன்றில் கொண்டுபோய் விட வேண்டும். இதற்காகத்தான் ஏழு வருஷமாகச் சங்கரன்கோவிலை விட்டு, சௌராஷ்டிரத்து முள்காட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வகைச் சிங்கம் உலகத்தில் இந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் நாய்களிடமிருந்து ஒரு காய்ச்சல் தொற்றி, ஓர் ஓடைக்கரையில் மட்டும் பதினேழு செத்துப்போயின. பதினேழையும் அளந்து எழுதியவள் நான். இன்னொரு மழைக்காலம் அப்படி வந்தால் எழுத ஒன்றும் மிஞ்சாது. வேறெங்காவது நாலு உயிர் பத்திரமாக இருக்க வேண்டாமா?

ஹன்ஸாபென் ஒத்துக்கொள்வதில்லை. அவள் வனக்காவலர், என்னோடு காட்டுக்குள் வருபவள், முப்பத்து நாலு வயது, எருமை மேய்க்கும் வீட்டுப் பெண். அவளுடைய அண்ணன்தான் கடைத்தெருவில் மைக் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறான். அவள் பேசுவது குஜராத்தி. ஆனால் ஏழு வருஷப் பழக்கத்தில் அது என் காதுக்குள் போகும்போதே எங்கள் ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

“எங்க எருமையைத் தின்னுட்டு எங்க கூடவே கிடக்குற சிங்கம், மேடம். அங்க போயி அது யாரைக் கண்டுச்சு?”

நோய் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வந்தால் கூட இருந்து பார்த்துக்கொள்வோம் என்றாள். கூட இருந்து பார்த்ததால்தான் பதினேழு போனது என்று சொல்ல வந்து, சொல்லவில்லை. அன்றைக்கு அழுதவளும் அவள்தான்.

பிப்ரவரி 5

அட்டை வேலை. ஒவ்வொரு சிங்கத்துக்கும் மூக்குக்குப் பக்கத்தில் மீசை முளைக்கிற புள்ளிகள் வரிசையாக இருக்கும். நமக்குக் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல இன்னொன்று இராது. புகைப்படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்துப் புள்ளிகளை மையால் எடுத்து, அந்தந்தச் சிங்கத்தின் அட்டையில் ஒட்டுவோம். கணினியில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கமிட்டிக்கும் கோர்ட்டுக்கும் கையெழுத்துப் போட்ட அட்டைதான் வேண்டும்.

பன்னிரண்டு அட்டை முடித்தேன். நடுவில் தங்கை உலகு திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பதினெட்டாம் தேதி, நீ வருவியா மாட்டியா என்று ஒரு மணி நேரச் சண்டை. அன்றைக்குத்தான் இந்த இடமாற்றத்தை எதிர்த்துப் போட்ட வழக்கின் கோர்ட் விசாரணை, இந்த இடத்தை விட்டு எப்படி வருவது? “சிங்கத்துக்குப் பாக்குற பார்வையில பாதி அம்மாவுக்குப் பாரு” என்று சொல்லி வைத்துவிட்டாள். தோளில் போனை இடுக்கிக்கொண்டே ஒட்டினேன். கை பழகிய வேலை, பேச்சு ஒரு தடையில்லை.

பிப்ரவரி 9

கொண்டுபோக வேண்டிய ஐந்தின் பட்டியலில் கையெழுத்தாகிவிட்டது. கடைசிப் பெயர் மோதி. ஆறு வயதுப் பெண் சிங்கம், போன வருஷக் குட்டிகள் தங்கவில்லை, இந்த வருஷம் இன்னும் ஈனவில்லை. அவளுடைய தங்கை சோனலைப் பத்து நாளாகக் கூட்டத்தில் காணோம். எங்கேயோ புதருக்குள் குட்டி போட்டு ஒளித்து வைத்திருப்பாள் என்கிறாள் ஹன்ஸா. பால் கொடுக்கும் தாயைத் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதே நான்தான்.

பிப்ரவரி 12

நாலு சிங்கம் பிடிபட்டு, எங்கள் கம்பி அடைப்புக்கு வந்தாயிற்று. ஒன்றுக்கும் காயமில்லை. ஆனாலும் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 14

மோதி வந்துவிட்டாள்.

விடிந்ததும் ஓடைத் திருப்பத்தில் எருமை இறைச்சியைப் போட்டுவிட்டு ஜீப்பில் காத்திருந்தோம். ஏழு மணிக்கு ஒரு பெண் சிங்கம் வந்தது. ஹன்ஸா என் முழங்கையைத் தொட்டாள்.

“இது மோதி இல்ல மேடம். மோதி வந்தா முதல்ல ஜீப்பைத்தான் மொறைக்கும். இது திரும்பித் திரும்பிப் புதரைப் பாக்குது.”

பைனாகுலரில் பார்த்து அட்டையோடு ஒப்பிட்டேன். இடது பக்கம், மேல் வரிசையில் ஐந்து புள்ளி, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் இடைவெளி. அட்டையில் உள்ளபடியே. ஹன்ஸாவிடம் காட்டினேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் இருந்த கனகசபாபதி சார் திரும்பி, “அட்டை என்ன சொல்லுதுங்க ஆவுடை?” என்றார். அவர் இந்தக் கோட்டத்து வன அதிகாரி, ஈரோட்டுக்காரர். மோதிதான் சார் என்றேன். அப்புறம் மயக்க ஊசி.

அவள் விழுந்த நேரம் பார்த்து நெடுஞ்சாலைப் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம். போராட்டக்காரர்கள் விஷயம் தெரிந்து வருகிறார்கள். கூட வந்த கால்நடை டாக்டர் மூச்சும் காய்ச்சலும் மட்டும் பார்த்தார். மற்ற பரிசோதனையெல்லாம் அவர் நகரத்திலிருந்து பத்தொன்பதாம் தேதி திரும்பி வந்ததும் செய்வதாக முடிவாயிற்று. பதினோரு நிமிஷத்தில் வண்டியில் ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். தூக்கும்போது வயிற்றுப் பக்கம் பிடித்தது நான். முடி ஈரமாக இருந்தது. ஓடையில் படுத்து எழுந்து வந்திருக்கும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

பிப்ரவரி 15, காலை

மோதி சாப்பிடவில்லை. முதல் நாள் அப்படித்தான் இருக்கும். மற்ற நாலும் இரண்டாம் நாள்தான் சாப்பிட்டன.

அடைப்பின் பின்மூலையில் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, கம்பியில் மூக்கை வைத்து மெல்ல ஒரு சத்தம் கொடுக்கிறது. கர்ஜனையுமில்லை, உறுமலுமில்லை. ஊம், ஊம் என்று. பின்பு காதைத் திருப்பிக் கேட்கிறது.

ஹன்ஸா ஒன்பது மணிக்குக் கனகசபாபதி சார் அறைக்கு நேராகப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அது மோதி இல்லை, சோனல், மடியில் பால் இருக்கிறது, எழுந்தபோது பார்த்தேன் என்றாள். மோதியை நேற்றுச் சாயங்காலம் கிணற்று மேட்டில் தன் அண்ணன் பார்த்திருக்கிறான் என்றும் சொன்னாள். அண்ணன் என்று சொல்லியிருக்க வேண்டாம். சார் முகம் மாறிவிட்டது. அவளை அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார்.

“அந்தப் புள்ளையைத் தப்பு சொல்லலீங்க. ஆனா அது இடம் மாத்த வேண்டாங்குற கட்சி. அண்ணன் மைக் பிடிக்குறான், தங்கச்சி இங்க வந்து சிங்கம் மாறிப்போச்சுங்குது. நாளை மறுநாள் விட்டு அடுத்த நாள் கோர்ட்டு. நீங்க சொல்லுங்க, அட்டை சரிதானுங்களா?”

சரி பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 15, மாலை

உலகு கூப்பிட்டாள், எடுக்கவில்லை. துணி துவைத்தேன். அறையைப் பெருக்கினேன். ஐந்து மணிக்கு ஆபீஸுக்குப் போய், மோதியின் அட்டையையும் சோனலின் அட்டையையும் எடுத்துக் கணினிப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். அக்கா தங்கை சிங்கங்கள் இரண்டையும் ஒரே நாளில் எடுத்த படங்கள்.

திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நாளைக்கு வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கண் களைத்திருக்கிறது. சார் வீட்டுக்குப் போய்விட்டார், இந்நேரம் தொந்தரவு செய்வது சரியில்லை. கோர்ட்டில் நம் பக்கம் தீர்ப்பு வந்தால் ஒரு இனமே பிழைக்கும். அதை மறக்கக்கூடாது.

பிப்ரவரி 16

காலையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அட்டையைப் பார்க்கவில்லை. அடைப்புக்குப் போனேன்.

அது தின்னவில்லை. கம்பியில் தேய்த்துத் தேய்த்து மூக்கில் ரத்தம். சத்தம் போடுவதும் கேட்பதுமாக இருந்தது நின்றுவிட்டது. இப்போது கேட்க மட்டும் செய்கிறது. பதினொரு மணிக்கு எழுந்து அடுத்த மூலைக்குப் போயிற்று. படுத்திருந்த இடத்தில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது. மூத்திரம் என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான். வெள்ளையாக இருந்தது. ஈ மொய்த்தது.

ஹன்ஸா பக்கத்தில்தான் நின்றாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இதற்கு மேல் சுற்றி வளைக்க முடியாது. இரண்டு டிரேசிங் பேப்பரும் இடம் மாறி ஒட்டியிருக்கின்றன. மோதியின் அட்டையில் சோனலின் புள்ளி. சோனலின் அட்டையில் மோதியின் புள்ளி. ஒட்டியவள் நான், கீழே கையெழுத்தும் என்னுடையது. அன்று பைனாகுலரில் நான் பார்த்தது சரி, ஒப்பிட்டதும் சரி. அட்டைதான் பொய். சிங்கத்தை முகம் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தவளிடம் அந்தப் பொய்யைக் காட்டி வாயடைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குச் சாரிடம் சொன்னேன். அவரும் ஐந்து வருஷம் இதற்காகத் தலைநகரத்துக்கும் இங்கேயும் அலைந்தவர்தான்.

ரெண்டே நாள் பொறுக்க முடியாதா என்று கேட்டார். கோர்ட் முடிந்ததும் சத்தமில்லாமல் விட்டுவிடலாம், அதற்குள் ஆட்களை அனுப்பிக் குட்டியைத் தேடலாம் என்றார். முடியாது சார் என்றேன். ஒளித்து வைத்த குட்டியை மனுஷன் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நூறு களாப் புதர் இருக்கிறது, காலடி கேட்டால் குட்டி மூச்சுக்கூட விடாது. தாய் ஒருத்திக்குத்தான் இடம் தெரியும். பிறந்து இரண்டு வாரம் இருக்கலாம். இரண்டு நாள் ஏற்கெனவே பட்டினி.

“இதை எழுத்துல குடுத்தீங்கன்னா நாளைக்கே அவங்க வக்கீல் கையில இருக்குமுங்க. எந்தச் சிங்கம் எதுன்னே தெரியாத ஆளுங்க இடம் மாத்துறாங்கம்பான். அப்புறம் பத்து வருஷத்துக்கு இந்தப் பேச்சே எடுக்க முடியாது. தெரிஞ்சுதான் குடுக்குறீங்களா?”

தெரிந்துதான் கொடுத்தேன். கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. தவறு தெரியவந்த தேதி என்ற இடத்தில் பதினாறு என்று போட்டேன். முதலில் சொன்னவர் வனக்காவலர் ஹன்ஸாபென் என்றும் எழுதினேன். சார் மேலிடத்தில் பேசி விடுதலை உத்தரவு வாங்க ஆறு மணி ஆகிவிட்டது. நாளை விடிந்ததும் கொண்டுபோகிறோம்.

பிப்ரவரி 17

ஏழே கால் மணிக்கு ஓடைத் திருப்பத்தில் கூண்டைத் திறந்தோம். சோனல் வெளியே வந்து எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராக மேட்டுப் பக்கம் ஓடிற்று, களாப் புதருக்குள் மறைந்தது.

நானும் ஹன்ஸாவும் முந்நூறு அடி தள்ளி ஜீப்பில் இருந்தோம். எட்டு மணி. ஒன்பது. பத்து. அவள் ரொட்டியைப் பிரித்துப் பாதியை என் கையில் வைத்தாள். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். புதருக்குள்ளிருந்து ஊம், ஊம் என்று அதே சத்தம். இந்தத் தடவை பதிலுக்கு ஏதாவது கேட்கிறதா என்று நாங்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். எனக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் விட்டுப்போய் வெகு நாளாகிறது. எங்கள் ஊர் அம்மன் பெயரை, கோமதியம்மா, கோமதியம்மா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பதினொன்றே காலுக்கு வெளியே வந்தது. வாயில் ஒரு குட்டி. பின்னங்கால் உதைத்தது. உயிர் இருக்கிறது. ஹன்ஸா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டும் என் சதையில் பதிந்துவிட்டன. சோனல் குட்டியைப் பாறை நிழலில் போட்டுப் படுத்துக்கொண்டது. அது முட்டி முட்டிக் குடித்தது. நான் அழுதேன், வெட்கமெல்லாம் படவில்லை.

அடுத்ததை எடுக்கத் திரும்பப் புதருக்குள் போகும் என்று மாலை ஐந்து மணி வரை காத்திருந்தோம். போகவில்லை.

பிப்ரவரி 18

கோர்ட் தடை விதித்துவிட்டது. அடுத்த உத்தரவு வரை ஒரு சிங்கத்தையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. அவர்கள் வக்கீல் என் கடிதத்தை வரி வரியாக வாசித்தாராம். தேவல்பூரில் வெடி வெடிக்கிறார்கள், கடையெல்லாம் திறந்துவிட்டது. பால் வாங்கினேன்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உலகு ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

சோனல் குட்டியோடு கிணற்று மேட்டுக்கு மாறிவிட்டதால் ஹன்ஸா அந்தப் புதருக்குள் போய்ப் பார்த்தாள். இன்னும் இரண்டு இருந்தன, பக்கத்தில் பக்கத்தில். ஒன்று முதலிலேயே போயிருக்க வேண்டும், எறும்பு ஏறியிருந்தது. இன்னொன்றின் உடம்பு இன்னும் கெடவில்லை.

“நேத்து விடியறதுக்குள்ள போயிருக்கும் மேடம். ஒரு நாள் முந்தி விட்டிருந்தோம்னா இது நின்னிருக்கும்.”

இரண்டையும் அளந்து எழுதினேன்.

பிப்ரவரி 24

பத்திரிகையில் என் படம். ‘உண்மையைச் சொன்ன ஆய்வாளர்’ என்று தலைப்பு. போராட்டக்காரர்கள் மாலையோடு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் இப்போதும் உங்கள் கட்சி இல்லை, இந்தச் சிங்கங்களில் கொஞ்சத்தை இடம் மாற்றியே ஆகவேண்டும் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஹன்ஸாவின் அம்மா ஒரு சொம்பு நெய் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதைத் திறக்க எனக்கு மனமில்லை.

மார்ச் 5

நாளை விசாரணைக் கமிட்டி. சார் வீட்டுக்கு வந்திருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். “பதினாறாம் தேதி தெரிஞ்சுது, பதினாறாம் தேதியே சொல்லிப்போட்டீங்க. கைத்தவறு, அவ்வளவுதானுங்க. ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க. நீங்க இருந்தாத்தான் என்னைக்காச்சும் இந்தக் காரியம் திரும்ப நடக்கும்.”

அது உண்மைதான். நான் போய்விட்டால் இதைத் திரும்ப எடுத்துக் கட்ட ஆளில்லை. அதைத்தான் இரண்டு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பதினைந்தாம் தேதி மாலையும் இப்படித்தான் ஏதோ சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 6

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஆட்சேபம் சொன்னவர் என்பதால் ஹன்ஸாவையும் வரவழைத்திருந்தார்கள். சுவரோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவர் மரியாதையானவர். என் நேர்மையைப் பாராட்டிவிட்டுத்தான் கேள்வியே கேட்டார். தவறு தெரியவந்த தேதி பிப்ரவரி பதினாறு, சரிதானே?

இல்லை, பதினைந்து மாலை ஐந்து மணி என்றேன். அட்டை இரண்டையும் படத்தோடு வைத்துப் பார்த்தேன், பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டேன், அன்றைக்கே சொல்லியிருந்தால் பதினாறாம் தேதி காலையிலேயே விட்டிருக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கனகசபாபதி சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

வெளியே ஹன்ஸா ஜீப் பக்கத்தில் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் குரலில் கோபமே இல்லை.

“அன்னைக்கு சாயங்காலம் நான் அடைப்புக்கு வெளியில உக்காந்து அதுகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன் மேடம். சத்தம் போடாத, மேடம் அட்டையைப் பாக்கப் போயிருக்காங்க, பாத்துட்டா விட்டுருவாங்கன்னு.”

பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.